ஏழு செகண்டு பச்சை

அந்தப் பகுதியில் சிக்னல்காரர் என்றால் அவர் ஒருவர்தான். முன்பெல்லாம் அந்த நாற்சந்தியில் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் நின்று கை காட்டுவார். தள்ளாடி வருகிறவர்களைக் கண்டால், அவர்கள் எதிர்ப்பக்கம் ஏறும்வரை ஒரு வண்டியையும் அசையவிட மாட்டார். பிறகு விளக்கு வந்தது. விளக்குக்குக் கண்ணா இருக்கிறது? நடக்கிறவர்களுக்குப் பச்சை ஏழு செகண்டு என்று பெரிய இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். சிக்னல் பெட்டியைத் திறந்து அந்த ஏழு செகண்டை வைத்தது நம்மவர் கைதான்.

அந்த ஏழு செகண்டில்தான் அவர் மனைவி, தையல் கடைக்குப் போகும் வழியில், பாதி ரோட்டில் அடிபட்டாள். இடது கால் அதோடு போயிற்று. தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். இவர் இன்ஜினியரிடம் ஓடினார். இருபது செகண்டாவது கொடுங்கள் என்று கெஞ்சினார். ஆபீஸே பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஆள் சிரித்தார்.

“உன் பொண்டாட்டிக்கு நடக்க வரலைன்னா ஊரையே நிறுத்தணுமாய்யா?”

சிரிப்பா அது! பன்னிரண்டு வருஷமாக இவர் வயிறு எரிந்தது.

காலம் சும்மா இருக்குமா? இன்ஜினியர் ரிட்டயர் ஆனார், மூட்டு தேய்ந்தது, கைத்தடி வந்தது. வைத்தியத்துக்குத் தினமும் அதே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த மாதம் பார்த்துப் புது அதிகாரி கையெழுத்துப் போட்டார்: நடக்கிறவர்களுக்கு இருபது செகண்டு. உத்தரவு இவர் சட்டைப்பையில். பெட்டியைத் திறந்து இரண்டு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. அழுத்தவில்லையே! கேட்டவர்களிடம், “பார்ட்ஸ் வரணும் சார்” என்று கூசாமல் புளுகினார்.

காலை எட்டு மணிக்குப் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் நின்று வேடிக்கை பார்ப்பார். கிழவர் நாலு எட்டு வைப்பதற்குள் பச்சை போய்விடும். ரோட்டு நடுவிலிருக்கும் திட்டில் ஏறி, புகையை விழுங்கிக்கொண்டு நிற்பார். நில்லுடா, நல்லா நில்லு! இவருக்கு மனசு குளுகுளுவென்றிருக்கும். அப்புறம்தான் அடுத்த சந்திக்கு வேலைக்குப் போவார்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் மனைவி காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “பாவங்க, ஒரு பெரியவர். பத்து மணிக்கு நான் கடைக்குப் போறப்ப அவரு ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வராரு. ரெண்டு பேரும் நடுத்திட்டுல மாட்டிக்கிட்டு நிக்கிறோம். மூட்டு வலின்னு கண்ணு கலங்குறாரு. எனக்கும் முடியலீங்க.”

இவர் முகம் செத்துப்போனது. பழிவெறியில் இவள் காலையே மறந்துவிட்டாரே, பாவி! மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். உத்தரவை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“தப்புப் பண்ணிட்டேன்மா. இப்பவே போய் மாத்திடறேன்.”

அவள் இன்ஜினியரின் முகத்தை முன்பின் பார்த்தவளில்லை. தாளை இரண்டு தடவை படித்தாள்.

“அந்த ஆளா இவரு?”

“அவரேதான்.”

அவள் தன் இடது காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு தாளை நாலாக மடித்து, அவர் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.

“உக்காருங்க. பன்னெண்டு வருஷம் நின்னவ நான். இன்னும் ஒரு வாரம் நின்னா செத்துட மாட்டேன்.”

மறுநாள் அவள், கிழவர் வருகிற நேரம் பார்த்து, எட்டு மணிக்கே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.