ஜாக்கிரதை சாரின் பதினோரு மணிப் பசி

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவரை எல்லோரும் ‘ஜாக்கிரதை சார்’ என்பார்கள். மின்விசிறியைப் போடுவதற்குக்கூட ஒருமுறை அண்ணாந்து பார்க்கிற மனிதர். பதினோரு வருடமாக ஊர் ஊராக ஒரே கதையைச் சொன்னார். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் தன் சாப்பாட்டுப் பையை மெயின் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். பை தொங்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். ‘என் நண்பன் ஒருநாள் மாட்ட மறந்தான், லிஃப்ட் இறங்கி நசுக்கிவிட்டது’ என்று முடிப்பார்.

உண்மையில் நண்பன் மறக்கவே இல்லை. பதினோரு மணிக்கே பசி பொறுக்காமல் அந்தப் பையைக் கழற்றி, மாடிப்படியில் உட்கார்ந்து வழித்துத் தின்றவர் அன்று அவனோடு வேலைபார்த்த நம்ம சார்தான். பை இல்லாததைப் பார்த்த காவலாளி, வேலை முடிந்ததென்று சுவிட்சைப் போட்டுவிட்டார். விசாரணையில் சார் வாயே திறக்கவில்லை. காலி டப்பாவை நண்பன் வீட்டில் சேர்த்துவிட்டு ஊரைவிட்டே போனார்.

இப்போது கம்பெனி அவரைச் சொந்த ஊருக்கே வகுப்பெடுக்க அனுப்பிவிட்டது. அங்கே போய் அந்தக் கதையைச் சொல்ல நாக்கு வருமா? காலையிலேயே நண்பனின் மனைவியைப் பார்க்கப் போனார். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், பாரம் இறங்கினால் சரி. அப்போதும் அவருக்குத் தன் பாரம்தான் பெரிது.

“வாங்கண்ணே” என்றாள், தையல் மெஷினை மிதித்தபடியே. அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். மெஷின் நின்றது.

“முழுசும் நீங்களா சாப்பிட்டீங்க?”

“ஆமாம்மா.”

“அவர் ஒரு வாய்கூட சாப்பிடலையா?”

“இல்லம்மா.”

“உப்பே இல்லையே, தெரியலையா உங்களுக்கு?”

“பசி” என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. கோவத்துல வேணும்னே உப்புப் போடாம கட்டிக் குடுத்தேன். டப்பா காலியா வந்துச்சு. கடைசியா என்னைத் திட்டிக்கிட்டேதான் சாப்பிட்டிருப்பாருன்னு இத்தனை வருஷமா எனக்குத் தூக்கமே இல்ல. நல்லவேளைண்ணே, நீங்க சாப்பிட்டீங்க.”

திட்டு வாங்க வந்தவருக்கு நன்றி கிடைத்தது. தப்பித்தோம் என்று மெல்ல எழுந்தார்.

“வகுப்பு எத்தனை மணிக்கு?” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ரெண்டுக்கு. ஏம்மா?”

“அவரை மறதிக்காரர்னு எத்தனை ஊர்ல சொன்னீங்க?”

“போன ஊர்லயெல்லாம்.”

“நானும் வரேன்.”

இரண்டு மணிக்கு அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என் நண்பன் பையை மாட்டியிருந்தான்.”

முப்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

“அதை எடுத்துத் தின்னவன் நான்.”

யாரும் எழுதவில்லை.