பாதியில் நின்ற மணி

என் தங்கை தைலம்மாள் ஜெயித்தவை இவை: ஆண்கள் மட்டுமே தொட்ட கோயில் மணிக்கயிறு, பெண்கள் வீட்டின் சாவி, பிற்பாடு அந்த வீட்டின் பின்சுவரில் ஒரு கதவு. அம்மை போட்டு ஒரு கண் மங்கியவள். தாய் தகப்பன் இல்லாதவள். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள். இவளால் என்ன ஆகும் என்று மிஷனில் கேட்காதவர் இல்லை. நான் அவளுக்கு மூத்தவள், மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ரங்கூனில் கெமண்டைன் படகுத்துறையைத் தாண்டி, ஓடைக்கரையில் இருந்தது எங்கள் மிஷன். ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார் இசிதோரோ சாமி அமைத்தது. முன்பு பிலிப்பைன் தீவுகளில் இருந்தவர், அங்கிருந்த பழைய மிஷன்களின் ஒழுங்கை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தார். நடுவில் கோயிலும் முற்றமும், சுற்றிலும் ஓலை வீடுகள், தச்சுப்பட்டறை, தறிக்கொட்டகை, காய்கறித் தோட்டம். எழுவது, வேலைக்குப் போவது, கஞ்சி குடிப்பது, படுப்பது எல்லாம் மணிக்குத்தான். சூரியனைப் பார்த்து நேரம் சொல்லும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. மும்மூன்றாக மூன்று முறை மணி அடித்தால், காலை மதியம் மாலை சொல்லும் திரிகால ஜெபம். எங்கே நிற்கிறோமோ அங்கேயே முழங்காலிட வேண்டும்.

கல்யாணமாகாத பெண்களுக்குத் தனி வீடு. இரவிலும் மதியத் தூக்க நேரத்திலும் எங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டுவார்கள். சாவி எங்களைக் கண்காணிக்கும் மேட்ரன் சொர்ணம்மாளின் இடுப்பில் இருக்கும். பூட்டு விழும் சத்தம் கேட்டால் இன்றும் நான் எழுந்துபோய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பேன்.

அந்த வருஷம் மணி அடிக்கும் கோயில்பிள்ளை நல்லையா காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த தைலம்மாள், ஒரு விடியற்காலை யாரையும் கேட்காமல் மணியை அடித்துவிட்டாள். சாமி கீழே நின்று எண்ணிப் பார்த்தார். பிசகில்லை. “மணிக்கு ஆண் பெண் தெரியாது” என்று சொல்லிப் போய்விட்டார். அதுமுதல் மதியத்தில் எங்களோடு அடைபடாமல் மணிக்கூண்டின் நிழலில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. காற்று அனலாக வீசியது. சொர்ணம்மாள் எங்களைப் பூட்டிவிட்டு, சாவியோடு மீன் வாங்கப் படகுத்துறைக்குப் போயிருந்தாள். அரைத்தூக்கத்தில் எனக்கு உமி கருகும் வாசனை வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் அரிசி மில்லின் உமிமேடு புகைவது வழக்கம் என்று புரண்டு படுத்தேன். கண் எரிந்தபோதுதான் எழுந்தேன். உமிமேட்டுப் பொறி காற்றில் வந்து விழுந்த பின்சுவர் ஓரத்துக் கூரையிலிருந்து புகை இறங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டினோம், கத்தினோம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் எல்லோரும் நல்ல தூக்கம். அப்போது மணி அடித்தது. மூன்று.

நாங்கள் செய்ததை வெளியாட்கள் நம்பமாட்டார்கள். தலைக்குமேல் கூரை புகைய, நாங்கள் முழங்காலிட்டோம். யோசித்துச் செய்ததல்ல. கால்கள் தாமாக மடங்கின. கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஆண்கள், சாயங்காலம் ஆகிவிட்டது என்று எண்ணி, முற்றம் நெடுகத் தலை குனிந்து முழங்காலில் இருந்தார்கள். ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மறுபடி மூன்று. புகையைக் கண்ட பதற்றத்தில் தைலம்மாளின் கைக்கு வந்தது அதிகம் பழகிய அந்த அடிதான். இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் முறை மணி அடிக்கவில்லை.

கயிற்றை விட்டுவிட்டாள். திரிகால மணி பாதியில் நின்றதை அந்த மிஷனில் யாரும் கேட்டதில்லை. குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து மணிக்கூண்டைப் பார்த்தன. அவள் கையை நீட்டி எங்கள் கூரையைக் காட்டினாள்.

தச்சன் தங்கவேலுதான் முதலில் கத்தினார். “ஏ புள்ள, ஜெபத்தைப் பாதியில நிறுத்திட்டியே, பேய் கீய் புடிச்சிருச்சா?”

“பேயை அப்புறம் ஓட்டலாம் அண்ணே! அங்க பாருங்க, பொம்பளப்புள்ளைங்க வேகுது!”

கடப்பாரையோடு ஓடிவந்தவர் கதவுக்கு முன்னால் தயங்கினார். “சாமி பூட்டுன கதவு தைலம். உத்தரவு கேக்கணுமே?”

“உத்தரவை நான் வாங்கித் தாரேன். நீங்க கம்பியப் போடுங்க. இல்லன்னா இங்கிட்டுக் குடுங்க!”

கதவு பெயர்ந்தது. நாங்கள் இருமிக்கொண்டே வெளியே விழுந்தோம். கடைசியாக வந்த அம்சவேணியின் தலைமுடி பொசுங்கியிருந்தது. கூரை பின்னாலேயே இறங்கியது.

மறுநாள் சாமி அவளைக் கூப்பிட்டார். கதவை உடைத்ததற்கும் மணியைக் குலைத்ததற்கும் மிஷனை விட்டே அனுப்பிவிடுவார் என்று பயந்து, நான் வராந்தாத் தூணைப் பிடித்தபடி நின்றேன்.

“நீ எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினாய். என்ன வேண்டும்?” என்றார்.

“பூட்டு வேணாம்னு சொல்லல சாமி. பூட்டு உள்பக்கமா தொங்கட்டும், சாவி எங்கிட்ட இருக்கட்டும்.”

சாமி மேசைமேலிருந்த பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பிறகு, “மிஷனில் சாவி வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு எழுதத் தெரியாதே. சட்டம் எல்லோருக்கும் ஒன்று” என்றார்.

புதுக்கூரை போட்டார்கள். புதுக்கதவு வந்தது. பழைய பூட்டு திரும்ப வெளியே தொங்கியது. அந்த வாரங்களை எப்படிக் கழித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. மதியம் ஒருத்தியும் தூங்கவில்லை. அடுப்புப் புகை வந்தாலும் அம்சவேணி கதவில் போய் ஒட்டிக்கொள்வாள்.

வேலை முடிந்து நானும் தைலமும் கோயிலின் பின்தரையில் உட்காருவோம். நான் கரித்துண்டால் எழுதிக் காட்டுவேன். மங்கிய கண்ணால் தரைக்கு வெகு அருகில் குனிந்து அவள் அதன்மேலேயே எழுதுவாள்.

“இந்த ‘தை’ முன்னால கொம்பு போட்டுக்கிட்டு முட்ட வருதுக்கா.”

“முட்டட்டும். கொம்பைப் புடிச்சு அடக்கு.”

“நேத்தைவிட இன்னிக்குக் காத்து ஜாஸ்தி அடிக்குது, பாத்தியா?” என்பாள் உடனே. தீ நினைப்பு வந்து சிரிப்பு நின்றுவிடும். மறுபடி எழுதுவாள்.

மழைக்கு முந்திய அந்தத் திங்கட்கிழமை, சாமியின் மேசைக்கு முன்னால் அவள் நின்றபோது நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். சொர்ணம்மாள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். தங்கை பேனாவை மையில் தோய்த்தாள். அவசரப்படாமல் முழுப் பெயரையும் எழுதி, எழுத்துகளைத் தொடாமல் விரலால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பிறகுதான் சாவியை எடுத்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியைச் சாமியே போட்டார்: 1926ஆம் வருஷம் மே மாதம் 3ஆம் தேதி.