மேலாளரின் கோப்பை மட்டும் கருத்த கதை

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் பளபளா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடமாக வாசல்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் வெள்ளிக் கோப்பைகளைத் துடைத்து வைப்பது அவர் வேலை. கடிதம் கொண்டுபோவது, கதவு திறந்துவிடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். மனிதர் சட்டைப் பொத்தானைக்கூடத் தேய்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அலமாரிச் சாவியைப் பெண்டாட்டியிடம்கூடக் கொடுத்ததில்லை என்று பெருமையடிப்பார். அந்த அம்மாள் அதை வாங்கி என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்டதில்லை.

மொத்தம் பதினோரு கோப்பைகள். பதினோராவது, எங்கள் மேலாளர் இரண்டு வருடத்துக்கு முன்பு சதுரங்கப் போட்டியில் வென்றது. பிழைக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த அலுவலகம் என்பதால் அவரோடு ஆடிய அத்தனை பேரும் தோற்றோம். கோப்பையையும் அவரே தேர்ந்தெடுத்தார். குடம் மாதிரி இருந்தது. மேல்தட்டுகளில் நுழையாததால் கீழ்த்தட்டில் தனியாக நிறுத்தினார்கள்.

மற்றப் பத்தும் நாலைந்து மாதம் தாங்கும். இது மட்டும் இன்று தேய்த்தால் நாளைக்கே அடுப்பில் வைத்து எடுத்தது போல நிற்கும். "ஆளோட மனசு எப்படியோ, வெள்ளியும் அப்படி" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். வாய் சும்மா இருந்தால்தானே! இரண்டே நாளில் அது மேலாளர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பளபளாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வேணும்னேதான என் கப்பை மட்டும் சரியா தேய்க்கறதில்ல?"

"ஐயோ சார், அதைத்தான் தினமும் தேய்க்கிறேன். கை ரேகையே போச்சு."

நீட்டிய விரல்களை மேலாளர் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே கடமை தவறியதாக எழுதி, அவரை ஊர்க்கோடிக் கிடங்குக்கு மாற்றும் உத்தரவை என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அதில் கையெழுத்தும் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு, நியாயமாக நடப்பதற்காக ஒரு விசாரணைக் குழுவையும் அமைத்தார். அந்தக் குழுவும் நான் ஒருத்திதான். ஒரு வாரம் கெடு.

பளபளா என் மேஜை பக்கம் வந்து நின்றார். "கிடங்குக்குப் போறதுகூடப் பரவால்லம்மா. வேணும்னு செஞ்சேன்னு எழுத்துல போயிட்டா, இருபத்தாறு வருஷமும் பொய்யாயிடுமே!" என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பளபளா எடுத்துக் கொடுத்த கோப்பையைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வெள்ளிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"வெள்ளி மேல தப்பு இல்லம்மா. செம்பு கூடக் கலந்தா கொஞ்சம் சீக்கிரம் கருக்கும். ஆனா இது அந்தக் கருப்பு இல்ல. கந்தகக் காத்து பட்டிருக்கு. ரப்பர், கம்பளி, அவிச்ச முட்டை, இப்படி எதையாவது பக்கத்துல வச்சிருக்கீங்களா?"

"கோப்பை அலமாரியில யாராவது முட்டை வைப்பாங்களா?" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

வந்ததும் பளபளாவிடம் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித் திறந்தார். கோப்பை நின்ற இடத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டி, துடைக்கும் துணியால் மூடிய ஒரு சாப்பாட்டு டப்பா. மூடி சரியாக மூடாது. உள்ளே உரித்து இரண்டாகப் பிளந்த இரண்டு முட்டைகள்.

"அடப்பாவி மனுஷா!"

"சாப்பாட்டு ரூம்ல வச்சா தினமும் ஒண்ணு காணாமப் போகுதும்மா. வருஷக்கணக்கா யாரோ எடுத்துத் தின்னுட்டாங்க. பூட்டு இருக்கிறது இங்க மட்டும்தானே? சார் கப்பு வந்தப்புறம்தான் மறைக்க இடமே கிடைச்சுது."

தினமும் காலையில் முட்டையை வைத்து, மத்தியானம் எடுத்துத் தின்றுவிட்டு, பிறகு உட்கார்ந்து கோப்பையைத் தேய்த்திருக்கிறார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா! ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை, அது போதும் எனக்கு. டப்பாவோடு அவரையும் இழுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தேன்.

"சார், காரணம் கிடைச்சிடுச்சு. உங்க கப்புக்குப் பின்னால இவர் முட்டை டப்பாவை ஒளிச்சு வச்சிருக்கார். அந்தக் காத்துலதான் கருத்திருக்கு."

மேலாளர் டப்பாவைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"அதானே பார்த்தேன்! ரெண்டு வருஷமா எங்க தேடியும் கிடைக்கலையேன்னு..."

சொல்லிவிட்டுத்தான் சொன்னது என்ன என்று அவருக்கே புரிந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகப் பளபளா அவர் கண்ணை நேராகப் பார்த்தார். கத்துவார், கத்தட்டும் என்றுதான் நான் நினைத்தேன். பளபளாவோ மூடியை எடுத்துவிட்டு, டப்பாவை மேஜைமேல் அவர் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கோங்க சார். உப்பு கம்மியாத்தான் இருக்கும்."

மேலாளர் மறுப்பார் என்று பார்த்தால், மனிதர் எடுத்துவிட்டார். எழுந்து நின்றபடி, தலையைத் தூக்காமல், ஒரு முட்டையை முழுசாகத் தின்றார். விரலெல்லாம் மஞ்சள் கரு. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. மேஜைமேல் இருந்த மாற்றல் உத்தரவை எடுத்து, ஒவ்வொரு விரலாக நிதானமாகத் துடைத்து, கசக்கிக் கூடையில் போட்டார்.

"தண்ணி வேணுமா சார்?" என்றார் பளபளா.