எல்லாருக்கும்தான் என்று சொன்னேன்

எனக்கு வாய் அதிகம். புனே பக்கம் தாபோடியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பிம்ப்ரியில் ஒரு மெஷின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே யூனியன் கமிட்டியில் போய் உட்கார்ந்துவிட்டேன். கேட் மீட்டிங்கில் மைக்கைக் கொடுத்தால் மராத்தி, இந்தி எல்லாம் சரளமாக வரும். கோபம் முற்றினால் தமிழும் வரும். தனியாகப் போய் முதலாளியிடம் பேசி முடித்துக்கொள்கிறவனைப் போல மோசமான பிறவி கிடையாது என்று வாய் கிழியக் கத்தியிருக்கிறேன். கைதட்டுவார்கள். எனக்கும் அந்தக் கைதட்டல் பிடிக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், என் தங்கை நகரத்துக்குள் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். படித்தாள். சீட் கிடைத்தது கோ-கோவால். நம் ஊரில் பி.டி. பீரியடில் ஓடிவிட்டு மறந்துவிடுகிற அந்த விளையாட்டுக்குப் புனேயில் கோப்பை உண்டு, கூட்டம் உண்டு, பேப்பரில் போட்டோ உண்டு. அணியில் இவள் ஒருத்திதான் வீட்டிலிருந்து போய் வருகிறவள். மற்றவர்கள் எல்லாம் வெளி மாவட்டத்துப் பெண்கள். அவர்களுக்கு விடுதியில் இலவசமாக ஒரு கட்டில், மெஸ்ஸில் சாப்பாடு, ஃபீஸ் கிடையாது. ஆட முடியாமல் போனால் அத்தனையும் நின்றுவிடும்.

ஒரு நாள் காலைப் பயிற்சியில், ஓடுகிறவளைத் தொடக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தபோது தங்கையின் வலது முட்டி திருகிக்கொண்டது. உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் காலம் முழுக்கக் காலை இழுத்துத்தான் நடப்பாள் என்றார் டாக்டர். என் இ.எஸ்.ஐ. கார்டில் அம்மாவுக்கு இடம் இருந்தது, பதினெட்டு தாண்டிய தங்கைக்கு இல்லை. கல்லூரிக்குப் போய்க் கேட்டேன். "ஆடச் சொல்லி யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லையே, மாணவி தன் விருப்பத்துக்கு ஆடினாள்" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அன்று நான் அங்கே பேசிய பேச்சில் பியூன் வந்து என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான்.

அடுத்த ஞாயிறு அணிப் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பத்தடிக்குப் பத்தடி அறை; கட்டிலில் தங்கை, தரை முழுக்க இவர்கள். அம்மா இட்லித் தட்டை இறக்கி ஏற்றி அலுத்துப்போனாள். அணியின் கேப்டன் பீட் மாவட்டத்துப் பெண். அவளுடைய அப்பா அம்மா தீபாவளி முடிந்ததும் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். என்னைத் தாதா என்றுதான் கூப்பிடுவாள். அங்கே தாதா என்றால் அண்ணன். நம் ஊர் சினிமா தாதா இல்லை. அவள் மராத்தியில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"தாதா, நாங்க தொழிலாளிங்களா?"

நான் சிரித்துவிட்டேன். "நீங்க ஸ்டூடண்ட்மா. உங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறாங்க?"

"சாப்பாடும் கட்டிலும் குடுக்கறாங்க. விடியறதுக்கு முன்னாடி எழுப்பிக் கிரவுண்டுக்கு அனுப்பறாங்க. ஒரு நாள் வரலேன்னா மெஸ் கட். எங்க அப்பாவ மேஸ்திரி இப்படித்தான் கரும்புக்குக் கூட்டிட்டுப் போறான். அவரக் கூலின்னு சொல்றாங்க, என்னைய ஸ்டூடண்ட்னு சொல்றாங்க. எங்க அப்பாவுக்குக் கையில வெட்டு விழுந்தாலும் மேஸ்திரி இதேதான் சொல்வான், உன்ன யாரு அங்க கைய வைக்கச் சொன்னதுன்னு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் யூனியன் பேசியவன் நான். இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? இருந்தாலும் விட்டுக்கொடுக்கப் பிடிக்காமல், "கல்லூரிக்கு இதுல லாபம் இன்னாம்மா?" என்று வம்புக்குக் கேட்டேன். "அட்மிஷன் போஸ்டர்ல எங்க மூஞ்சியத்தானே போடறாங்க" என்றாள். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தோடு எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

கேட்க வேண்டியது இரண்டு என்று அன்றைக்கே முடிவானது. கல்லூரிக்காக ஆடும்போது யாருக்கு அடிபட்டாலும் வைத்தியம் கல்லூரி பார்க்க வேண்டும். அடிபட்டவளைப் படிப்பு முடிகிறவரை விடுதியிலிருந்து வெளியேற்றக் கூடாது. பயிற்சிக்குப் போகாமல் இருக்காதீர்கள், போங்கள், ஆனால் வேலை செய்யாதீர்கள் என்றேன். எங்கள் தொழிற்சாலையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். மற்றதைக் கேப்டன் பார்த்துக்கொண்டாள்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி அந்த வாரம் அவர்கள் மைதானத்திலேயே நடப்பதாக இருந்தது. பெரிய விருந்தாளியை எல்லாம் அழைத்தாகிவிட்டது, பந்தல்காரனும் மூங்கில் இறக்கிவிட்டான். பெண்கள் பயிற்சிக்குச் சரியான நேரத்துக்குப் போனார்கள். எட்டுப் பேர் கட்டங்களில் ஆளுக்கொரு திசை பார்த்துக் குந்தினார்கள். ஸ்போர்ட்ஸ் சார் விசில் ஊதினார். கேப்டன் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்றாள். அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்தவளைத் தொட்டாள். அவளும் எழுந்திருக்கவில்லை. எட்டுப் பேரையும் தொட்டு முடித்துவிட்டுக் கேப்டனும் தரையில் உட்கார்ந்தாள். மறுநாளும் இதே. ஷிஃப்ட் முடிந்து நானே போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் சந்துக்குள் ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் திக்கித் திணறி நுழைந்தது. கல்லூரியை நடத்துகிற டிரஸ்டின் செயலாளர் இறங்கினார். வயசானவர், மரியாதையாகப் பேசுகிறவர். யூனியன் அண்ணன் ஒருவன் பின்னால் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கை பக்கத்து வீட்டில் டி.வி. பார்க்கப் போயிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

எப்படிப்பட்ட கேள்வி பாருங்கள். தொழிற்சாலையில் எங்கள் முதலாளி எங்களிடம் ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை. பேச வேண்டியதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் அடுப்பருகே நின்ற அம்மா அதற்குள் முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். "உன் யூனியன் எல்லாம் அப்பால வச்சுக்கடா. பொண்ணு நொண்டிக்கினு நின்னா எவன்டா கட்டுவான்?" அவளைக் குறை சொல்லி என்ன பயன். வாயைத் திறந்தவன் நான்தான்.

"என் தங்கச்சி முட்டி சரியாகணும்" என்றேன்.

"அவ்வளவுதானே" என்றார். நல்ல ஆஸ்பத்திரியில், கல்லூரி செலவில் ஆபரேஷன். ஆனால் பெண்கள் நாளைக்கே பயிற்சியில் எழுந்து ஓட வேண்டும். கையை நீட்டினார், நானும் நீட்டினேன். மற்றதை அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த அடுத்த வாக்கியத்தைச் சொன்னால் முதல் வாக்கியமும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. கார் பின்னாலேயே போய், சந்திலிருந்து வெளியேற ரிவர்ஸ் பார்த்துக் கொடுத்தேன்.

தங்கை வந்ததும், "மத்தவங்களுக்கும் பேசினியாண்ணா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பேசியாச்சு."

மறுநாள் மைதானத்துக்கு நானே போனேன். என்னைப் பார்த்ததும் குந்தியிருந்தவர்கள் நடுவிலிருந்து கேப்டன் ஓடி வந்தாள். ஜெயித்துவிட்டோம், எழுந்து ஆடுங்கள் என்றேன்.

"எல்லாருக்கும்தானே தாதா?"

"எல்லாருக்கும்தான்."

அவள் திரும்பிப் போய் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்றாள். அந்தப் பெண் எழுந்து பாய்ந்தாள். இறுதிப் போட்டியில் ஜெயித்தார்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த தங்கையைப் பார்க்கப் பேடா டப்பாவும் கையுமாக வந்து, முதல் பேடாவை என் வாயில்தான் வைத்தார்கள். அதை எப்படி விழுங்கினேன் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

அடுத்த மழைக்காலத்தில், தங்கை படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, கேப்டன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பயிற்சியில் விழுந்து தோள்பட்டை உடைந்து, கை தூளியில் தொங்கியது. விடுதியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம், கட்டு போட்ட காசும் அவளுடையதாம். அவள் முகத்தில் கவலையே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"செயலாளர் மறந்துட்டாரு போல தாதா. நீங்க வந்து ஒரு தடவ ஞாபகப்படுத்தினாப் போதும்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். ஒருவேளை அந்த ஆள் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவான், என் பொய் உண்மையாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

செயலாளர் எங்களை உட்காரச் சொன்னார். கேப்டன் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "என்ன வேணும்னு உங்க வீட்டுக்கே வந்து கேட்டேன். தங்கச்சி முட்டின்னு சொன்னீங்க. செஞ்சு குடுத்தேன். எல்லாருக்கும்னு நீங்க கேட்கவே இல்லையே. அன்னைக்குக் கேட்டிருந்தா எனக்கு வேற வழி இருந்திருக்காது, குடுத்திருப்பேன். இப்ப என்ன இருக்கு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எழுந்து செயலாளருக்கு ஒரு நமஸ்காரம் வைத்துவிட்டு வெளியே வந்தாள். நானும் பின்னாலேயே கேட் வரைக்கும் போனேன். அங்கே நின்று அவள் சொன்னாள்:

"தாதா, இத அவகிட்ட சொல்லாதீங்க. தன்னாலதான்னு நெனச்சுக்குவா."

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் தீபாவளி முடிந்து அவளும் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போய்விட்டாள் என்று அணிப் பெண் ஒருத்தி சொன்னாள். அந்தத் தோளை வைத்துக்கொண்டு.

தங்கை இப்போது ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கம்பெனி வண்டியிலிருந்து குதித்து இறங்கி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறாள். தன் கல்யாண ஆல்பத்தை எடுக்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "அந்தக் கேப்டனப் பாத்தியாண்ணா, எவ்ளோ கொழுப்பு. பத்திரிகை அனுப்பினேன், ஒரு பதில் இல்ல. நம்ம வீட்ல எவ்ளோ இட்லி தின்னிருப்பா. நன்றி கெட்டவ." நான் ஆல்பத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

கேப்டன் கேட்டுக்கொண்டதற்காகத்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதெல்லாம் இல்லை; எனக்குப் பயம். தங்கை மராத்தி மீடியம். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.