பூவாடைக்காரியின் புருஷன்

என் மகளின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அது இல்லாமல் கல்யாணம் கிடையாது. வீட்டுக்கு வாழ வந்து, புருஷன் இருக்கும்போதே பூவும் மஞ்சளும் தாலியுமாகக் கண்ணை மூடிய ஒருத்தியைத் தெய்வமாக வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்னால் அவளை ஏரிக்கரையிலிருந்து ஒரு கலசத்தில் அழைத்து வருவோம். புதுப்புடவை சார்த்தி, மஞ்சள் கயிறு கட்டி, கல்யாணப் பெண்ணை ஆசீர்வதிக்கச் சொல்வோம். கலசத்தைத் தூக்கி வந்து மகள் முன்னால் வைப்பது பெண்ணைப் பெற்றவள். பெற்றவள் தாலி இழந்தவளாக இருந்தால் வேறு யாராவது தூக்குவார்கள். அவள் பின்கட்டில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

நான் தாலி இழந்தவள். ஒரகடம் கூட்ரோட்டில் என் கணவர் கண்டெய்னர் லாரியில் அடிபட்டபோது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு அவளைப் படிக்க வைத்தது, ஜுரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டாரோடு பேசி முடித்தது எல்லாம் நான். கலசத்தைத் தொட மட்டும் நான் ஆகாது. அதை நான்தான் தூக்குவேன் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது. அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பூவாடைக்காரி என் கணவருடைய கொள்ளுத்தாத்தாவின் அம்மா. அவளுடைய புருஷன் ஏரி மடைத் தண்ணீருக்காக நடந்த சண்டையில் ஒருவரை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, தீவாந்திர சிட்சை வாங்கி அந்தமானுக்குப் போனவர். போனவர் போனவர்தான். என் மைத்துனர், அதாவது என் கணவரின் அண்ணன், இவரைத் தியாகி ஆக்கிவிட்டார். "வெள்ளக்காரன எதுத்து அந்தமானுக்குப் போன பரம்பர எங்களுது" என்று கட்சிக்காரர்களிடம் மார்தட்டுவார். வெட்டுப்பட்டவர் வெள்ளைக்காரர் இல்லை, எங்கள் பங்காளி. அவருடைய வம்சத்தார் இன்றைக்கும் தெருவின் கிழக்குக் கோடியில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பத்திரிகை வைத்தோம்.

கப்பல் ஏறியவரிடமிருந்து சேதி எதுவும் வரவில்லை. சேதி வராததால் சாவும் வரவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளையோடு நின்றவள் அந்தப் பிள்ளையை வளர்த்து, பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து பார்த்து, கிழவியாகி, தலையில் பூவோடேயே செத்தாள். ஊரே சேர்ந்து சுமங்கலியாக அடக்கம் செய்தது. அன்றிலிருந்து அவள் தெய்வம்.

நான் காருக்குப் போகும் ஒயர் கட்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒயர் ஒரு முனையில் உள்ளே போனால் மறுமுனையில் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தக் கட்டை லைனிலிருந்து தூக்கிவிடுவேன், சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும் சரி. அதே புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கணவருக்கு முதல் வருஷப் படையல் போட்டபோது மைத்துனர் முன்னோர்களை வரிசையாக அழைத்தார். இந்த மனிதரிடம் வந்ததும், "போனவரு, எங்க கீறாரோ" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தாவினார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் கணவர் செத்துக் கிடந்த இடத்தை நான் கண்ணால் பார்த்தவள். அவருடைய செருப்பு ஒன்று ரோட்டின் அந்தப் பக்கம் கிடந்ததையும் பார்த்தேன். ஒரு மனிதன் எங்கே விழுந்தான் என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் இலை போட்டு என்ன பிரயோஜனம்?

வாராந்திர லீவு நாட்களில் மகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி எழும்பூருக்குப் போனேன். பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் இடத்தில் கேட்கத் தெரியாமல் கேட்டு, திட்டு வாங்கி, திரும்பத் திரும்பப் போனோம். அந்தக் காலத்து இங்கிலீஷ் கையெழுத்தை மகள்தான் படித்தாள். கடைசியில் ஆள் கிடைத்தார். பெயர், அப்பா பெயர், ஊர், வெட்டு வழக்கு எல்லாம் பொருந்தின. போய் இறங்கிய முதல் மழைக்காலத்திலேயே ஜுரத்தில் செத்திருக்கிறார். எந்தத் தீவில், எந்தக் கைதிகள் மேட்டில் புதைத்தார்கள் என்பதும் இருந்தது. அதைப் படித்துவிட்டு மகள் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. நாங்கள் கும்பிடுகிறவள் தன் ஆயுளில் பெரும்பகுதியை, தனக்கே தெரியாமல், விதவையாகக் கழித்திருக்கிறாள்.

தீவுக்குக் கப்பலில்தான் போனோம். அவர் அப்படித்தானே போனார் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். படுக்கையும் ஃபேனும் இருந்த எனக்கே அந்தக் கதி என்றால், காலில் விலங்கோடு கீழ்த்தட்டில் கிடந்தவரின் கதியை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த மேடு இப்போது மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் ஒரு தொழிற்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. கல்லும் இல்லை, பலகையும் இல்லை. கைதிகளுக்கு யார் கல் நடுவார்கள்? ஒருவர் மேல் ஒருவராகப் போட்டு மூடியிருப்பார்கள் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். சரிவில் தென்னை மரங்கள் நின்றன, நாலைந்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, ஐஸ் இயந்திரத்தின் கழிவுநீர் ஒரு ஓரமாக வழிந்து மண்ணைச் சேறாக்கியிருந்தது. எங்கள் வழக்கத்தில் புதைத்த இடத்தில் பால் ஊற்ற வேண்டும். கடையில் பால் பவுடர்தான் கிடைத்தது. தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, அது கட்டி கட்டியாக நிற்க, அப்படியே ஊற்றினேன். எந்த இடம் என்று தெரியாததால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவு முழுவதும் நடந்து ஊற்றினேன். அழுகை வந்தது. அவருக்காக மட்டும் அழுதேன் என்று சொல்ல முடியாது. எனக்குச் சேதி அரை மணி நேரத்தில் வந்துவிட்டது, அதனால் எல்லாம் போச்சு. அவளுக்குச் சேதி வரவே இல்லை, அதனால் எல்லாம் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு சேதி மட்டும்தான்.

திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். இதை வீட்டில் சொல்வேன். தாலி இழந்த ஒருத்தி இத்தனை தலைமுறைக்கும் பெண்களை ஆசீர்வதித்து வாழ வைத்திருக்கிறாள் என்றால், நான் கலசம் தூக்குவதில் என்ன தப்பு? யாரும் பதில் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

படையல் சாமான் பேசுவதற்காகப் பம்பைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்திருந்தார். பம்பை அடித்துப் பாடி, பூவாடைக்காரியை வரவழைப்பவர் அவர்தான். மைத்துனர், என் ஓரகத்தி, மகள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, தீவுக்குப் போனவரு செத்த சேதி கெடச்சிடுச்சு" என்று மைத்துனரிடம் ஆரம்பித்தேன். எழும்பூர், கப்பல், மேடு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அவ புள்ள நடக்கறதுக்கு முன்னாடியே அவரு போயிட்டாரு. அவ நம்மள நல்லாத்தான வச்சிக்கினு கீறா? நான் கலசம் தூக்குனா இன்னா கெட்டுப்பூடும்?" என்றேன்.

மைத்துனர் பம்பைக்காரரைப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முதலில் மைத்துனர்தான் வாயைத் திறந்தார். "இத்தினி வருசமா அறுத்தவளயா கும்புட்டுக்கினு இருந்தோம்?"

அந்த வார்த்தையை என் எதிரில் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். கம்பெனிக்கு நிலம் போனது, அவர் மகனுக்குக் குழந்தை தங்காதது. "அதான் என் தம்பியும் ரோட்ல வுழுந்து செத்தான். இப்பத்தான் புரியுது" என்றார். லாரி ஓட்டியவன் தூங்கிவிட்டான் என்று போலீஸ் சொன்னது. மைத்துனர் அந்தப் பழியைச் செத்துப்போன ஒரு கிழவியின் தலையில் இறக்கி வைத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதம் எங்கள் கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பம்பைக்காரர் நிதானமாகப் பேசினார். "சேதி காதுல வுழுந்துடுச்சுன்னா, எத்தினி வருசம் ஆனாலும் செய்ய வேண்டியத செஞ்சுதான் ஆவணும். கலசத்துல அவள அழச்சி, பூ வச்சி, மஞ்சா பூசி, தண்ணிக்கரையில தாலிய கழட்டி வாங்கிடணும். அப்பறம் அவ போய்க்கினே இருப்பா. நீங்க வேற ஒருத்திய வச்சிக்குங்க."

"எங்கம்மா பூவோட போனவங்கதான்" என்றார் மைத்துனர் உடனே. தன் அம்மாவையே தெய்வமாக்க இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது பழமொழி. இங்கே பூசாரி சாமியையே வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்.

"தாலி யாரு வாங்கறது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள். "நீதாம்மா வாங்கணும். சுமங்கலிங்க கை படக்கூடாது. நம்ம வூட்ல வேற யாரு கீறா? நீ கலசத்த தொடணும்னு ஆசப்பட்ட இல்ல?"

எனக்குச் செய்ததும் இரண்டு விதவைகள்தான். கருமாதி அன்று விடிவதற்கு முன்னால் ஏரிக்கரையில் என்னை உட்கார வைத்து, தலை நிறையப் பூ வைத்து, கைநிறைய வளையல் போட்டு, அப்புறம் எல்லாவற்றையும் உருவினார்கள். அதில் ஒருத்தி, அவளும் பாவம், "ஆச்சு, ஆச்சு" என்று குழந்தைக்கு ஊசி போடும்போது சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஈரக்கை என் கழுத்தில் பட்டது இன்னும் ஆறவில்லை. அந்தக் கையாக இப்போது நான் ஆக வேண்டும். உயிரோடு இருந்தபோது எந்தக் கொடுமையிலிருந்து பூவாடைக்காரி தப்பித்தாளோ, அதை நானே தேடிப் போய், கப்பலில் ஏற்றி, அவளிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

"மாமா, ஒரு நிமிசம்" என்றேன். "அந்த ஆளு நம்மாளுதானான்னு எனக்கே சந்தேகமாத்தான் கீது. ஊர் பேரு ஒண்ணுதான். ஆனா அப்பன் பேரு வேற."

"இப்பத்தான எல்லாம் ஒத்துப்போச்சுன்ன?"

"நான்தான் அவசரப்பட்டுட்டேன். அது மதுராந்தகம் பக்கத்து ஊரு போல."

நான் மகளைப் பார்க்கவில்லை. அவள் முந்திக்கொண்டாள். "ஆமா பெரிப்பா. நான் அப்பவே சொன்னேன், அம்மாதான் கேக்கல. அது வேற ஆளு."

மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். வேலையற்ற வேலை என்றார், கல்யாண நேரத்தில் குடும்பத்தின் வயிற்றில் புளியைக் கரைத்தேன் என்றார், இனிமேல் எழும்பூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பம்பைக்காரர் பழையபடி வெற்றிலை, எலுமிச்சம்பழம் என்று சொல்ல ஆரம்பித்தார். இத்தனை தலைமுறைக்குப் பிறகு கண்டுபிடித்த மனிதரை, பால் ஊற்றிவிட்டு வந்த மனிதரை, நான் மறுபடியும் கடலில் தொலைத்தேன். அவருக்கு இனி இந்த வீட்டில் ஒரு நாளும் திதி கிடையாது. எனக்குக் கலசமும் கிடையாது. தெரிந்தேதான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலசத்தை ஓரகத்தி தூக்கி வந்தாள். ஏரியில் பாதி இப்போது கம்பெனி மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால், உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கமாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். புடவை சார்த்தி, மஞ்சள் கயிறு கட்டி, மல்லிகைப் பூவை அள்ளி வைத்தார்கள். நான் பின்கட்டு வாசலில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றேன். மகள் மணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பைச் சத்தம் ஏற ஏற, ஓரகத்திக்குச் சாமி வந்தது. அவளுக்கு வரும் சாமியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. போன தடவை வந்த சாமி, மைத்துனரைச் சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொன்னது. ஆனால் அன்றைக்கு அவள் தலைமுடி அவிழ, கண் எங்கோ நிலைகுத்த, வேறு ஒரு குரலில் கேட்டாள்.

"எங்கூட்டுக்காரரு சேதி வந்துச்சா?"

பம்பை நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பின்கட்டுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தேடிப் போனவள் நான்தானே? மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரல தாயி" என்றேன்.

"வருவாரா?"

"வருவாரு."

அவள் சிரித்தாள். எழுந்து, குங்குமத் தட்டைக் கையில் வாங்கி, ஆசீர்வாதம் பண்ண ஆரம்பித்தாள். மகள் நெற்றியில் வைத்தாள், மைத்துனரின் மருமகளுக்கு வைத்தாள், கிழக்குக் கோடிப் பங்காளி வீட்டுப் பெண்களுக்கெல்லாம் வைத்தாள். அப்படியே பின்கட்டு வாசலுக்கும் வந்தாள். குங்குமம் தோய்ந்த கட்டைவிரல் என் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. பிறகு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விபூதி எடுத்து வரச் சொன்னாள். அவள் கையால், தான் தாலி இழந்ததே தெரியாத அவள் கையால், நான் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டேன்.