ஹுஸ்னியா ராத்தாவின் ‘சும்மா’

மூதூரில் பிறந்து, கல்யாணமாகி ஓர்ஸ் ஹில்லுக்கு வந்த நாள் தொட்டு ஹுஸ்னியா ராத்தாவுக்குத் தையல் மெஷின்தான் உலகம். இந்தப் பக்கத்துச் சட்டைகளில் பாதி அவர் தைத்தவை. என் பிளவுஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்ன நாளில் கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரி என்றால் இளப்பம்தானே!

கணவர் மவுத்தான பிறகு, பின்னேரங்களில் மெஷினை மூடிவிட்டு, நகர சபைக்குச் சொந்தமான பெரிய திடலுக்குப் போகத் தொடங்கினார். அங்கே ஒரு மூலையில் வேம்பு நிற்கிறது. அதன் கீழ் உட்கார்ந்திருப்பார். பிறகு நானும் போனேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தத் திடலை இனி எப்படிப் பயன்படுத்துவது என்று சபை திட்டம் போடத் தொடங்கியது. சுகிர்தன் என்ற இளம் அதிகாரி திடலுக்கு வருபவர்களிடமெல்லாம் விசாரித்தார். கிரிக்கெட் பொடியன்கள் வலை, விளக்கு, கதிரை என்று மூச்சு விடாமல் கேட்டார்கள். அடுத்து ராத்தாவிடம் வந்தார்.

“அக்கா, நீங்கள் இங்க என்னத்துக்கு வாறனீங்கள்?”

“சும்மாதான், தம்பி.”

வேறு என்ன சொல்வோம்? வீட்டுக்கு வந்தவரைக் கேட்டாலும் ‘சும்மா வந்தனான்’ என்பார். வந்த காரியம் எழும்பிப் போகும்போதுதான் வெளியே வரும். சுகிர்தனும் இந்த ஊர்ப் பிள்ளைதான். பேனையைக் கையில் எடுத்ததும் அதை மறந்துவிட்டார் போல. சபை மண்டபத்தில் தொங்கவிட்ட வரைபடத்தில் எங்கள் வேம்படிக்குப் பெயர் ‘பயன்பாடற்ற நிலம்’. அங்கே வாகனத் தரிப்பிடம் வருமாம்.

ராத்தாவின் முகம் கறுத்துப்போனது. “என்ட வாயால நானே கெடுத்துப்போட்டன், தங்கச்சி,” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வரைபடத்தைக் கிழித்திருப்பேன்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தில் ராத்தா எழும்பினார்.

“தம்பி, சும்மா எண்டு சொன்னது நான்தான். வீட்டுல எனக்குச் சும்மா இருக்க ஏலாது. இருந்தா சட்டை கேட்டு ஆள் வரும், தேத்தண்ணி கேட்டு மகன் வருவான். சும்மா இருக்கிறதுக்குத்தான் அந்த வேம்படிக்கு வாறனான். அதையும் எடுத்துப்போட்டா நான் எங்க போறது?”

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்வரிசைப் பெண்கள் “ஓம், ஓம்” என்றதும் அடங்கிவிட்டது. சுகிர்தன் தலையைச் சொறிந்தார்.

“இதை நான் என்னெண்டு எழுதுறது, அக்கா?”

“நான் சொன்ன மாதிரியே எழுதுங்க.”

திருத்திய வரைபடத்தில் தரிப்பிடம் வீதிப் பக்கத்து வாசலுக்குப் போய்விட்டது. வேம்படியில் பச்சை நிறம் தீட்டி, ‘சும்மா இருக்கும் இடம்’ என்று எழுதியிருந்தார்கள். சபை இன்னும் கையெழுத்திடவில்லை. ஆனால் நம்பிக்கை இருக்கிறது. ராத்தா என் பிளவுஸைக்கூடத் தைத்துத் தந்துவிட்டாரே!

போன கிழமை பின்னேரம் சுகிர்தன் தனியாக வேம்படிக்கு வந்தார். கையில் பேனையும் இல்லை, கடதாசியும் இல்லை. ராத்தா முந்திக்கொண்டு கேட்டார்.

“என்ன தம்பி, திரும்பவும் மாத்திப்போட்டாங்களா?”

“இல்லை அக்கா. சும்மா வந்தனான்.”

ராத்தா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.