மழையில் மட்டும் எரிந்த விளக்கு

அண்ணியின் காரில் வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, துவரம்பருப்பு அளவில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். ஓடுகிற காரில் அது எரிந்தால் பேட்டரிக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று பொருள். எங்கள் தீவின் சுதந்திரத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1966இல், ஜூலை மாதக் காலை ஒன்றில், கியூர்பிப்புக்குள் நுழையும்போது அது எரிவதை முதலில் பார்த்தவள் நான்தான்.

அண்ணி அரசு மருத்துவச்சி. கியூர்பிப்பைச் சுற்றியிருந்த கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது அவர் வேலை. நான் அதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. ரோஸ் ஹில் வீட்டிலிருந்து நாங்கள் இருவரும் தினமும் காரில் மேட்டுப் பக்கம் ஏற, அண்ணன் எதிர்த் திசையில் போர்ட் லூயி அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவார். எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல்தான். அண்ணன், அண்ணி என்று அழைப்பது மட்டும் தமிழாக மிஞ்சியிருந்தது. அதனால் அவர்கள் பேசியதைப் பெரும்பாலும் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலை விளக்கு எரிந்ததும் அண்ணி மாலையில் காரை நேரே ரோஸ் ஹில் மெக்கானிக்கிடம் விட்டார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற, கை சுத்தமான மனிதர். எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. வயர்களை இழுத்துப் பார்த்தார், பேட்டரிக்கு மின்சாரம் தரும் தினாமோவைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரி. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதிதாக ஒன்றை வைத்தார். இரண்டே நாளில் கியூர்பிப்பில் விளக்கு மறுபடி எரிந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுவந்தால் மறுபடி எரியவில்லை. அண்ணன் சிரித்தார். “நீ ஹெட்லைட்டை அணைக்க மறந்திருப்ப. நான் பார்க்கும்போது ஒரு நாளாவது எரியுதா?” என்றார். அண்ணிக்குக் கோபம் வந்தால் தலைப்பின்னலை அவிழ்த்து மறுபடி இறுக்கிப் பின்னுவார். அன்று இரண்டு முறை பின்னினார்.

சிரிப்பு அடங்கியது ஆகஸ்டில். அடைமழை பெய்த ஒரு பிற்பகலில் தோட்டக் குடியிருப்பு ஒன்றிலிருந்து அண்ணியின் மருத்துவ நிலையத்துக்கு ஆள் ஓடி வந்தான். ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. அண்ணி சாவியைத் திருப்பினார். கார் ஒருமுறை முனகி நின்றுவிட்டது. முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியும் உயிர் வரவில்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் சேற்றில் நடந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் அந்தப் பெண் இருந்திருக்க மாட்டாள் என்று அண்ணி பிறகு சொன்னார்.

“காரை வித்துடலாம். ஆஸ்பத்திரி வார்டுக்கு மாத்தல் கேளு. உனக்கு இந்த அலைச்சல் வேண்டாம்” என்றார் அண்ணன். அக்கறையில்தான் சொன்னார். அண்ணி, “ஒரு மாசம் குடுங்க. ஜுரம் எப்ப வருதுன்னு தெரியாம மருந்து குடுக்கிறோம். முதல்ல அதைக் கண்டுபிடிக்கணும்” என்றார்.

மறுநாள் என் மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார். விளக்கு எரிந்த இடம், வானிலை, ஹெட்லைட் எரிந்ததா, வைப்பர் ஓடியதா என்று ஓடுகிற காரிலேயே நான் குறித்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஒரு வாரத்தில் ஒன்று தெளிவானது: மழை பெய்தால் எரிகிறது. மேட்டிலிருக்கும் கியூர்பிப்பில் மழை, கீழே ரோஸ் ஹில்லில் வெயில். அதனால்தான் மெக்கானிக்கின் கண்ணில் அது படவே இல்லை. ஹெட்லைட்டும் வைப்பரும் மின்சாரத்தை இழுப்பதால் இருக்குமோ என்று நினைத்தோம். ஆனால் ஒரு நாள் வெறும் மூடுபனி. ஹெட்லைட் போட்டே போனோம், விளக்கு எரியவில்லை. இன்னொரு நாள் நல்ல வெயில்; முந்தைய நாள் மழையில் தேங்கிய குட்டை ஒன்றில் சக்கரம் இறங்கியதும் எஞ்சினிலிருந்து ஒரு கீச்சொலி, உடனே சிவப்பு. அண்ணி சாலையோரம் நிறுத்தி என்னைப் பார்த்தார். “மழை இல்ல. கீழேருந்து தெறிக்கிற தண்ணி!”

அந்தச் சனிக்கிழமை அண்ணனையும் அழைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். எஞ்சினை ஓட விடச் சொல்லிவிட்டு, ரோஜாச் செடிக்கு நீர் ஊற்றும் பூவாளியை மெக்கானிக்கின் மனைவியிடம் கேட்டு வாங்கினார் அண்ணி. “மேடம், எஞ்சின்ல தண்ணியா?” என்று பதறினார் மெக்கானிக். “கொஞ்சம்தான்” என்று சொல்லி, தினாமோவைச் சுழற்றும் ஃபேன் பெல்ட்டின் கீழ்ப்பகுதியில் நீரைத் தெளித்தார். பெல்ட் கீச்சிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த நான், “எரியுது! எரியுது!” என்று கத்தினேன். பள்ளியில் யாராவது அப்படிக் கத்தியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

மெக்கானிக் குனிந்து பார்த்து, “லி பே க்ளிசே” என்றார். வழுக்குகிறது. பெல்ட்டின் ஓரங்கள் தேய்ந்து கண்ணாடி போல் பளபளத்தன. காய்ந்திருக்கும்போது எப்படியோ பிடித்துக்கொள்ளும். நனைந்தால் வழுக்கும், தினாமோ சுற்றாது. “ஆனா இவ்வளவு தண்ணி மேலே வரக் கூடாதே. அடியில ஒரு தகடு இருக்கணும், அது எங்கே?” என்று கேட்டார்.

அண்ணன் முகம் வெளுத்தது. “சத்தம் போடுதுன்னு நான்தான் கழற்றினேன். ஈஸ்டர் லீவுல” என்றார். பிறகு நடந்தே வீட்டுக்குப் போய், துருப்பிடித்த அந்தத் தகட்டைத் தோளில் சுமந்து வந்தார். புது பெல்ட் மாட்டினார்கள். தகட்டைப் பொருத்தும்போது திருகாணிகளை மெக்கானிக்கின் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அண்ணன்தான். காரை விற்கிற பேச்சு அதன்பின் எழவே இல்லை.

இன்று என் பேத்தியின் காரில் எந்தக் கோளாறானாலும் திரையில் எழுத்தாகவே வந்துவிடுகிறது. யாரும் யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை. அன்று ஒரு பெண் தன் கண்ணால் கண்டதை நிரூபிக்க ஒரு மாதமும் ஒரு பூவாளியும் தேவைப்பட்டன. அதற்காக எனக்கு அண்ணன் மேல் வருத்தம் இல்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை அவர் செய்ததை நான் பார்த்தேனே.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குப் போக வேண்டியவர் காரின் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். “ஆபீஸ்?” என்றார் அண்ணி. “லேட்டாப் போறேன்.” பன்னிரண்டு ஆண்டுகளில் அலுவலகத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாத மனிதர். கியூர்பிப் வரை ஒவ்வொரு குட்டையிலும் முன்னால் எட்டிப் பார்த்தார், சிவப்பு தெரியவில்லை. மருத்துவ நிலையத்தின் முன் இறங்கி, உள்ளேயிருந்து அண்ணியின் கனமான பையைத் தானே தூக்கி வந்து பின்னிருக்கையில் வைத்தார். “முதல்ல எந்த வீடு?” என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. “அந்தத் தோட்டத்துக்குத்தான். அம்மாவும் பிள்ளையும் எப்படி இருக்காங்கன்னு பார்க்கணும்” என்றார் அண்ணி. கார் நகர்ந்தது. குடையில்லாமல் எதிரே போர்ட் லூயி பஸ் நிற்குமிடத்தில் நனைந்துகொண்டு நின்ற அண்ணன், நாங்கள் வளைவில் திரும்பும்வரை கையை உயர்த்திக்கொண்டே இருந்தார்.